பத்தொன்பது அங்குலம்

கொழும்பில இருந்து கார் வந்த அண்டு
றெஜினோல்ட் முதல் காட்டினது
எஞ்சினை இல்லை, சில்லை.
கறுப்பு றிம். பத்தொன்பது அங்குலம்.
அதைச் சுத்தி ரயர் எண்டு
புட்டுப் பானைக்கும் குழலுக்கும் நடுவில
இறுக்கின சீலைத்துண்டு மாதிரி
மெல்லிசா ஒரு ரப்பர்.

ஏழு வயசு பி.எம்.டபிள்யூ.
ஆரோ ஒரு கணக்காளர் ஓடினது,
சீற்றில இன்னும் அவற்றை சென்ற் மணம்.
"இது காத்துப் போனாலும் ஓடுற ரயர்" எண்டார் மனுசன்.
பீச் றோட்டில நூறு யார் இருந்து பாத்தன்.
உண்மைதான்.
காத்துப் போனாலும் ஓடும்.
காத்து இருந்தாலும்
இல்லாத மாதிரித்தான் ஓடும்.

எனக்குத் தொழில் கேக்.
குருநகரில அடிச்சு, கோப்பாய் மண்டபத்தில நிமித்தி வைக்கிறது.
பழைய வான் குலுக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை,
ஆனால் முழு உடம்பையும் ஒண்டாத் தூக்கி ஒண்டா வைக்கும்.
இது அப்பிடியில்லை.
தார் ஒட்டின ஒவ்வொரு ஒட்டும்
மதகின்ரை ஒவ்வொரு விளிம்பும்
தனித்தனியா வந்து
முள்ளந்தண்டில பேர் பதிஞ்சிட்டுப் போகும்.

இருபாலைச் சந்தியில நிப்பாட்டி டிக்கியைத் திறந்தன்.
மேல்தட்டில மயிரளவு கீறல்.
மண்டபத்தில அது விரலளவு.
சீனிப்பூ ஒண்டை நகர்த்தி மூடினன்.
மாப்பிள்ளை கத்தியை வைச்சது
சரியா அந்தப் பூவில.

முதல் சொக்அப்சோபர் எண்டாங்கள். மாத்தினம்.
காசு போச்சு, கீறல் போகேல்லை.
பிறகு பாத்தா, பெற்றோல் செற்றுப் பெடியன்
எல்லா வாகனத்துக்கும் அடிக்கிற மாதிரி
நாப்பத்திரண்டு அடிச்சு வைச்சிருக்கிறான்.
முப்பத்திநாலுக்கு இறக்கினம்.
கீறல் கொஞ்சம் மெலிஞ்சுது, அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம்
ஐசிங் அளக்கிற அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்
முத்தத்தில குந்தி ரயரை அளந்தன்.
தரைக்கும் றிம்முக்கும் நடுவில
பத்து சென்ரிமீற்றரும் இல்லை.
கேக் பெட்டிக்குக் கீழ நான் போடுற ஸ்பொஞ்சே
அதைவிடத் தடிப்பு.

ஸ்ரான்லி வீதியில குகதாசன்ரை கடையில
அடிபட்ட கார் ஒண்டில கழட்டின பதினேழு அங்குலம் நாலு கிடந்தது.
வெளிச்சுற்று அதேதான்.
உள்ளுக்க அலுமினியம் குறைய, ரப்பர் கூட.
தட்டைச் சின்னனாக்கி
கேக்கை மொத்தமாக்கிற கணக்கு.
றெஜினோல்ட் கடை வாசலில நிண்டு
கலியாண வீட்டில பந்திக்குக் கூப்பிடாத ஆள் மாதிரி
றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

கழட்டின ரயரின்ரை பக்கத்தில நாலு இலக்கம்:
இருபத்தேழு, பதினாறு.
பதினாறாம் ஆண்டு, இருபத்தேழாம் கிழமை பிறந்ததாம்.
நாங்கள் கட்டின கிழமை.
"இறுகிப் போச்சு" எண்டார் குகதாசன்.
ரயரைத்தான்.

புது றிம்மில ஒண்டு துளி நெளிவு.
எண்பதில ஸ்ரேரிங் லேசா நடுங்கும்.
கேக்கோட எண்பதில ஆர் ஓடுறது?
ஆனால் வளைவில கார் இப்ப
யோசிச்சுத்தான் திரும்புதாம்.
"முந்தி நான் நினைக்க முன்னமே திரும்பும்" எண்டு
சோத்துக் கோப்பையைப் பாத்துச் சொல்லுவார்.

இன்னுமொண்டு.
காத்துப் போனா இந்த ரயர் ஓடாது.
அதால ஸ்பெயார் சில்லு ஒண்டு வாங்க,
அது டிக்கியில ஏறி இருந்திட்டுது, கேக்கின்ரை இடத்தில.
இப்ப கேக் பின்சீற்றில, பெல்ற் போட்டு.
பக்கத்தில நான், ஒரு கையால பெட்டியைப் பிடிச்சபடி.
முன்னால அவர் தனிய,
வாடகைக்கு வந்த சாரதி மாதிரி.

கறுப்பு றிம் நாலும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு,
பழைய மேசைச்சீலையில சுத்தி.
விக்க மாட்டார். ஞாயிறு பூசை முடிய
ஒண்டை இழுத்துத் துடைச்சிட்டு உள்ள தள்ளுவார்.
நான் கேக்கிறேல்லை.

நேத்து கல்வியங்காடு தாண்ட
ஒரு மதகு வந்தது, தெரியும் எங்களுக்கு அந்த மதகை.
அவர் மூச்சைப் பிடிச்சார், நானும்.
கார் ஏறி
மெல்ல இறங்கிச்சுது.
கண்ணாடிக்குள்ளால என்னைப் பாத்து
"எப்பிடி?" எண்டார்.
நான் கேக்கைப் பாக்க மறந்து போனன்.